கேட்காத சொல், கேட்கும் சொல், எழுதி வைத்த திட்டம்: மன உறுதிக்கு எதைத் தேர்வது?

காலையில் நினைத்த நேரத்துக்கு எழ வேண்டும், வீட்டாரிடம் குரல் உயர்த்தாமல் பேசப் பழக வேண்டும், தொடங்கிய காரியத்தைப் பாதியில் விடக் கூடாது என்று உண்மையாகவே விரும்பும் ஒருவர் இன்று அதற்கு வழி தேடினால், முதலில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஓர் ஒலிக்கோப்புதான். மழைச் சத்தமோ புல்லாங்குழலோ ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில், காதுக்குப் பிடிபடாத அளவுக்குத் தாழ்த்தி, "நான் உறுதியானவன்", "என் கோபம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது" போன்ற வாக்கியங்கள் பதிவாகியிருப்பதாகச் சொல்வார்கள். சப்ளிமினல் ஆடியோ என்றும் ஆழ்மன ஆடியோ என்றும் இதற்குப் பெயர். இரவில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கினால் போதும், சில வாரங்களில் குணமே மாறிவிடும் என்பது அதன் வாக்குறுதி.

இதைத் தேடி வருகிறவர்களை உழைக்க மனமில்லாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவர்களில் பலர் வைராக்கியத்தோடு தொடங்கி, நான்காம் நாளோ பத்தாம் நாளோ வழுக்கி, தங்கள்மீதே நம்பிக்கை குறைந்த பிறகுதான் இந்தப் பக்கம் வருகிறார்கள். விழித்திருக்கும் மனம் தோற்ற இடத்தில் ஆழ்மனமாவது கைகொடுக்காதா என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. அந்த ஏக்கத்தை மதிக்கிறவர் அவர்களுக்குச் செய்யக்கூடியது நேர்மையாக ஒப்பிட்டுக் காட்டுவதுதான். நான் இங்கே நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒன்று, காதில் விழாத செய்தி கொண்ட ஆழ்மன ஆடியோ; இரண்டு, வாய்விட்டுச் சொல்லும் அல்லது தெளிவாகக் கேட்கும் உறுதிமொழி வாசகங்கள்; மூன்று, யோக நித்திரை போல ஒரு குரல் வழிநடத்தும் தளர்வுப் பயிற்சி; நான்கு, ஒலியே இல்லாமல், 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதி வைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை. நான்கிடமும் நான் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: பகலில் நான் நடந்துகொள்ளும் விதத்தை இது மாற்றுகிறதா, மாற்றியது என்பதை நானே சரிபார்க்க முடியுமா?

புலனுக்குத் தட்டுப்படாத செய்தி மனிதரை ஆட்டிவைக்கும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியது 1957இல். ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபோர்ட் லீ நகரத் திரையரங்கு ஒன்றில் படம் ஓடும்போது, 'பாப்கார்ன் சாப்பிடு', 'கோகோ கோலா குடி' என்ற வாசகங்களைக் கண் உணராத வேகத்தில் பளிச்சிட்டதாகவும், அதனால் பாப்கார்ன் விற்பனை 57 சதவீதத்துக்கு மேலும் கோலா விற்பனை சுமார் 18 சதவீதமும் ஏறியதாகவும் அறிவித்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1962இல், தன்னிடம் இருந்த தரவு எதையும் நிறுவப் போதாத அளவுக்குச் சிறியது என்று அவரே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதற்குள் கதை உலகைச் சுற்றி வந்துவிட்டது. இடையில் 1958இல் கனடாவின் ஒலிபரப்புக் கழகமான சிபிசி ஒரு சோதனை செய்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்றின்போது, உடனே தொலைபேசியில் அழைக்கச் சொல்லும் செய்தியை 352 முறை திரையில் மறைவாகக் காட்டினார்கள். தொலைபேசி அழைப்புகள் கூடவில்லை. எதையோ காட்டுகிறார்கள் என்று மட்டும் நேயர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் எழுதிப் போட்டவர்களில் ஏராளமானோர் தங்களுக்குப் பசித்தது, தாகம் எடுத்தது என்றார்கள். அப்போது எல்லோர் மனத்திலும் இருந்தது விகாரியின் பாப்கார்னும் கோலாவும்தான். செய்தி வேலை செய்யவில்லை, எதிர்பார்ப்பு வேலை செய்தது. ஆழ்மன ஆடியோவை எடைபோடும்போதும் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

1980களில் கேசட் பரவலானபோது இந்த நம்பிக்கை கண்ணிலிருந்து காதுக்கு இடம் மாறியது. நினைவாற்றல், தன்மதிப்பு, உடல் எடை, புகைப்பழக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேசட் விற்றார்கள். அவற்றைச் சோதித்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆந்தனி கிரீன்வால்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்டது. கடைகளில் விற்ற கேசட்டுகளையே எடுத்துக்கொண்டார்கள். சில நினைவாற்றலுக்கு, சில தன்மதிப்புக்கு. பிறகு பாதிப் பேருக்கு உறையை மாற்றிக் கொடுத்தார்கள். நினைவாற்றல் கேசட்டில் தன்மதிப்பு என்றும் தன்மதிப்புக் கேசட்டில் நினைவாற்றல் என்றும் ஒட்டியிருந்தது. கொடுத்தவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. மூன்று முறை நடத்திய அந்தச் சோதனையில் முறையே 65, 86, 86 பேர் கலந்துகொண்டு, ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் வீட்டில் கேட்டார்கள். முன்னும் பின்னும் அளந்து பார்த்தபோது, உள்ளே எந்தச் செய்தி இருந்தது என்பதால் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லோருமே, எதைக் கேட்டிருந்தாலும், இரண்டு அளவுகளிலும் கொஞ்சம் மேலேறியிருந்தார்கள். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர், உறையில் எது எழுதியிருந்ததோ அதில்தான் தாங்கள் முன்னேறியதாக உறுதியாக நம்பினார்கள். நினைவாற்றல் கேசட் என்ற ஒட்டுத்தாளுடன் தன்மதிப்பு வாசகங்களைக் கேட்டவர், தன் நினைவாற்றல் கூடியதாகவே சொன்னார்.

இந்த ஒரு முடிவை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இணையத்தில் குவிந்திருக்கும் 'எனக்குப் பலன் கிடைத்தது' என்ற வாக்குமூலங்களை எப்படி வாசிப்பது என்பது விளங்கும். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணர்ந்தது உண்மை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் மெரிக்கிள் இன்னும் அடிப்படையான ஒன்றைக் கேட்டார்: அந்தக் கேசட்டுகளில் செய்தி இருக்கிறதா? 1988இல் வெளியான அவருடைய ஆய்வில், ஒலியை அலைப்படமாக்கிப் பார்த்தபோது பேச்சின் சுவடு தென்படவில்லை. செய்தி உள்ள கேசட்டையும் இல்லாத கேசட்டையும் கேட்பவர்களால் பிரித்தறியவும் முடியவில்லை. பிறகு 1992இல் அவரும் ஹெதர் ஸ்கேன்ஸும் எடைக்குறைப்புக் கேசட்டுகளைச் சோதித்தார்கள். ஒரு குழு அவற்றைக் கேட்டது, ஒரு குழு எடைக்குத் தொடர்பில்லாத கேசட்டைக் கேட்டது, ஒரு குழு எதையும் கேட்காமல் காத்திருந்தது. ஐந்து வாரங்களில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு, அதுவும் மிகச் சிறிதளவே, எடை குறைந்தன. எடையைக் குறைக்க வேண்டும் என்று எண்ணி ஒரு சோதனையில் சேர்ந்ததே சாப்பாட்டில் கவனத்தைக் கூட்டியிருக்கும்.

அப்படியானால் புலனுக்குக் கீழே எதுவுமே நடப்பதில்லையா என்றால், நடக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. சித் குவிடேயும் எம்மானுவேல் டுப்பூவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாக்கிச் சுருக்கிய சொற்களை வேறு ஒலிகளுக்குள் ஒளித்து வைத்தபோது, கேட்டதாக உணராதவர்களும் அதே சொல் அடுத்து வெளிப்படையாக வந்தால் அதைச் சற்று விரைவாக அடையாளம் கண்டார்கள். 2006இல் நெதர்லாந்தில் யோஹன் கார்ரமன்ஸ் குழுவினர், திரையில் ஒரு பானத்தின் பெயரை மறைவாகக் காட்டினால், ஏற்கெனவே தாகத்தில் இருப்பவர்கள் உடனடியாகத் தேர்வு செய்யும்போது அந்தப் பானத்தின் பக்கம் சாய்வதைக் கண்டார்கள். தாகம் இல்லாதவர்களிடம் அது செல்லவில்லை. கிரீன்வால்டே 1996இல் காட்டியபடி, மறைவாகக் காட்டிய சொல்லின் பொருள் மனத்தைத் தொடுவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான். அதற்கு மேல் அது தங்குவதில்லை. மறைவான நிலையில் மனம் வாக்கியங்களைக் கையாளும் விதம் இதைவிட முக்கியம். 'எதிரி தோற்கிறான்' என்பது போன்ற இரு சொல் தொடரை மறைவாகக் காட்டியபோது, தொடரின் மொத்தப் பொருள் நல்லதாக இருந்தும், தனித்தனிச் சொற்களின் கசப்பே மனத்தில் பதிந்தது. அப்படிப் பார்த்தால் 'என் கோபம் தணிகிறது' என்ற மறைவு வாக்கியத்திலிருந்து மனத்துக்குப் போய்ச் சேரக்கூடியது 'கோபம்' என்ற சொல் மட்டுமாக இருக்கலாம். ஒரு கணம் தாகத்தைத் தூண்டுவதற்கும், ஒரு மனிதரின் நடத்தையை ஆண்டுக்கணக்கில் மாற்றுவதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

தொழில்நுட்பத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விற்பவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எம்பி3 போன்ற சுருக்க முறைகள் எந்தக் கொள்கையில் இயங்குகின்றன? உரத்த ஒலிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது என்பதால், அதைப் பதியாமல் விட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற கொள்கையில்தான். மழைச் சத்தத்துக்குக் கீழே புதைத்த வாக்கியம் அந்தச் சுருக்கத்தில் முதலில் பலியாகக்கூடிய பகுதி. செய்தியை மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஏற்றி அனுப்பும் 'மௌன' வகையும் இருக்கிறது. ஆலிவர் லவ்ரி என்பவர் அத்தகைய முறைக்கு 1992இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் குறைந்த தரத்தில் சுருக்கிய எம்பி3 கோப்புகள் பொதுவாக 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டிவிடுகின்றன. நடுவயதைத் தாண்டிய காதுக்கு அந்த எல்லையே எட்டுவதில்லை. ஆகவே, பணம் கொடுத்து வாங்கிய கோப்பில் செய்தி இருந்ததா, அது உங்கள் கைபேசிவரை வந்து சேர்ந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் வாங்கியவரிடம் விடை இருக்காது. சரிபார்க்க முடியுமா என்ற என் கேள்வியில் இந்த வழி இங்கேயே தோற்றுவிடுகிறது.

நானும் இதை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் பேசவில்லை. ஒரு நிறுவனத்தின் கோபக் கட்டுப்பாட்டு ஆடியோவை விலைக்கு வாங்கி 40 இரவுகள் விடாமல் கேட்டேன். வீட்டில் குரல் உயர்த்திய நாளெல்லாம் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டேன். முதல் 20 நாளில் ஒன்பது கோடுகள், அடுத்த 20 நாளில் எட்டு. தூக்கம் மட்டும் நிச்சயமாக மேம்பட்டது. பத்து மணிக்கெல்லாம் விளக்கை அணைத்து, கைபேசியைத் தலையணைக்கு அப்பால் கவிழ்த்து வைத்துவிட்டு மழைச் சத்தம் கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும். அந்த நாட்களில் நான் மாறிவிட்டதாகவே உணர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். கோடுகள் இல்லாதிருந்தால் நானும் அந்த மூன்றில் ஒரு பங்கில் சேர்ந்திருப்பேன்.

எனக்கு இதில் இன்னும் ஆழமான ஒரு தயக்கம் உண்டு. தன்னைத் தான் ஆள்வது என்பது, ஆசையும் சினமும் எழும் கணத்தில் நாம் அங்கே விழிப்போடு நிற்பது. நாம் இல்லாத நேரத்தில், நமக்குத் தெரியாமல், வேறொருவர் எழுதிய வாக்கியங்கள் நம்மைத் திருத்தட்டும் என்று ஒப்படைப்பது அந்த ஆட்சியை வளர்ப்பதற்கு நேர் எதிர்த்திசையில் போவது. ஒருவேளை அது பலித்தாலும், பலித்ததில் நம் பங்கு என்ன என்று நமக்கே தெரியாது. குணம் என்று நாம் மதிப்பது, சோதனை வந்தபோது ஒருவர் அறிந்து எடுத்த நிலையைத்தான்.

இரண்டாவது வழியான உறுதிமொழி வாசகம் இந்தக் குறையிலிருந்து விடுபட்டது. சொல்வது நாம், கேட்பதும் நாம். இதை உலகப் புகழ் பெறச் செய்தவர் பிரான்ஸின் எமில் குவே. மருந்தாளராகத் தொழில் செய்த அவர், 'நாளுக்கு நாள், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்' என்ற ஒரே வாக்கியத்தைக் காலையும் இரவும் 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கைக்கு 20 முடிச்சுப் போட்ட கயிற்றை வைத்துக்கொள்ளவும் சொன்னார். சொல்பவர் காதில் விழும் அளவுக்காவது உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. தன்னூக்கத்தின் முன்னோடியே காதில் விழட்டும் என்று சொன்னதை, காதில் விழாததை விற்கும் இன்றைய சந்தை மறந்துவிட்டது.

ஆனால் உறுதிமொழியும் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ஜோன் வுட் தலைமையில் 2009இல் வெளியான ஆய்வில், 'நான் அன்புக்கு உரியவர்' என்ற பொருளுள்ள வாக்கியத்தைச் சிலரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு அது சிறிது உற்சாகம் தந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணத்தை ஊகிக்கலாம்: நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே இருக்கும் குரல் எதிர்வழக்காடத் தொடங்கிவிடுகிறது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே இது காயப்படுத்துகிறது என்பதால், எவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. வாசகத்தைக் குணத்திலிருந்து செயலுக்கு மாற்றினால் இந்த எதிர்வழக்கு பெரும்பாலும் அடங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். 'நான் பொறுமையானவன்' என்பதை உள்மனம் மறுக்கலாம். 'இன்று பதில் சொல்லும் முன் ஒரு மூச்சு விடுவேன்' என்பதை மறுக்க அதற்குக் காரணம் இல்லை.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். யோக நித்திரையை இன்று நாம் அறிந்த வடிவில் அமைத்துப் பரப்பியவர் பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி. படுத்த நிலையில், ஒரு குரல் சொல்லச் சொல்ல உடலின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைக் கொண்டுசெல்வார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நாமே தேர்ந்த சிறிய சங்கல்பம் ஒன்றை மனத்துக்குள் சொல்லிக்கொள்வோம். தூங்கிவிடாமல் விழிப்போடு இருக்க வேண்டும் என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் கட்டளை. ஆழ்மன ஆடியோவிலிருந்து அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: சங்கல்பம் ஒன்றே ஒன்று, அது நம்முடையது, நாம் விழித்திருக்கிறோம். இதனால் உடல் இறுக்கம் தளர்வதையும் மனம் அமைதியடைவதையும் பயின்றவர்கள் அன்றே உணரலாம். அமைதியான மனம் குறைவாகச் சீறும் என்பதும் உண்மைதான். எனினும் அதிகாலையில் எழுவது, படிக்க உட்காருவது போன்ற பழக்கங்களைத் தளர்வு மட்டுமே உருவாக்கித் தராது. களைப்பாலும் பதற்றத்தாலும் குணம் கெடுகிறவருக்கு இது நல்ல மருந்து. ஒழுங்கு போதாதவருக்கு இது பாதி மருந்துதான்.

தூக்கத்தில் பாடம் ஏறும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1950களின் நடுவில் சார்லஸ் சைமனும் வில்லியம் எம்மன்ஸும் மூளை அலைகளை அளந்துகொண்டே தூங்குபவர்களுக்குக் கேள்வியும் விடையும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். உண்மையாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒலித்த விடைகள் நினைவில் நிற்கவில்லை. அதற்குப் பிந்தைய ஆய்வுகள், பகலில் கற்ற ஒன்றோடு இணைத்த ஒலியைத் தூக்கத்தில் மெல்ல ஒலித்தால் அந்த நினைவு சற்று வலுப்படலாம் என்று காட்டுகின்றன. பகலில் கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் விலகவில்லை.

நான்காவது வழிக்கு விளம்பரம் இல்லை, விற்பதற்கு அதில் பொருளும் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இதை முறையாக ஆராய்ந்தார். 'நான் உடற்பயிற்சி செய்வேன்' என்று முடிவெடுப்பதற்கும், 'மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவுடன், உட்காராமல், நடக்கக் கிளம்புவேன்' என்று முடிவெடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் அவர் ஆய்வின் பொருள். எப்போது, எங்கே, எது நடந்தால், என்ன செய்வேன் என்பதை முன்கூட்டியே பிணைத்துவிட்டால், அந்தக் கணம் வரும்போது யோசித்துத் தடுமாற வேண்டியிருப்பதில்லை. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த எளிய உத்தி நினைத்ததைச் செய்து முடிப்பதில் நடுத்தரத்துக்கும் மேற்பட்ட பலன் தருவதாகத் தெரிந்தது. இந்த நான்கில் இத்தனை சோதனைகளைத் தாங்கி நின்ற வேறொரு வழியை நான் அறியேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்ற கேள்விக்கும் இங்கே ஓரளவு விடை இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர், புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கிய 96 பேரை 12 வாரங்கள் பின்தொடர்ந்தார்கள். பழக்கம் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். நடுமதிப்பு 66 நாள். 21 நாள், 30 நாள் என்று எல்லோருக்கும் ஒரே கெடு வைக்கும் வாக்குறுதிகள் இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகின்றன. அதே ஆய்வில் எனக்கு ஆறுதலாக இருந்தது வேறொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. நான்காம் நாள் வழுக்கியதும் 'எனக்கு மன உறுதி இல்லை' என்று தீர்ப்பெழுதிக்கொள்பவர்கள் இதை அறிந்திருந்தால், ஐந்தாம் நாள் தொடர்ந்திருப்பார்கள்.

சுற்றுப்புறத்தை மாற்றுவதும் இந்த வழியின் ஒரு பாதி. வில்ஹெல்ம் ஹோஃப்மனும் உடனிருந்தோரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகரத்தில் 205 பேரின் அன்றாட ஆசைகளை அவ்வப்போது கேட்டுக் குறித்தார்கள். தன்னடக்கம் மிகுந்தவர்கள் நாள் முழுதும் ஆசையோடு மல்லுக்கட்டி வெல்பவர்களாக இருப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். அவர்களோ இடர் தரும் ஆசைகளைச் சந்தித்ததே குறைவு. கைபேசியை வேறு அறையில் வைப்பது, முறுக்கு டப்பாவைக் கண்ணுக்கு எட்டாத பரணில் ஏற்றுவது, காலை நடைக்கான உடையை இரவே எடுத்து வைப்பது போன்றவை சிறிய செயல்கள்தான். மன உறுதியைச் செலவழிக்க வேண்டிய நேரங்களை அவை குறைக்கின்றன.

என் நாட்காட்டிக் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆடியோவை நிறுத்திய பிறகு, நான் எப்போது குரல் உயர்த்துகிறேன் என்று கோடுகளைப் பார்த்து யோசித்தேன். பெரும்பாலானவை மாலை வேளையில், மகள் கணக்குப் புத்தகத்தோடு வரும்போது விழுந்தவை. 'மகள் புத்தகத்தோடு வந்தால், முதலில் தரையில் அவள் பக்கத்தில் உட்காருவேன், தண்ணீர் குடிப்பேன், பிறகுதான் பேசுவேன்' என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். அடுத்த 20 நாளில் கோடுகள் நான்கு. ஒருவரின் அனுபவம் நிரூபணம் ஆகாது என்பதை அறிவேன். என்றாலும் எது மாறியது, எதனால் மாறியது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. அந்த 40 இரவுகளில் அது முடியவில்லை.

ஒலியை முற்றிலும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காதில் தெளிவாக விழும் ஒலி, ஒரு செயலோடு சேர்த்துக் கட்டப்பட்டால், நன்றாகவே உதவும். கேத்தரின் மில்க்மன் குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், கீழே வைக்க மனம் வராத விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று ஏற்பாடு செய்தார்கள். தொடக்க வாரங்களில் அந்தக் குழுவினர், அத்தகைய ஏற்பாடு இல்லாதவர்களைவிட 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். விடுமுறை ஒன்று குறுக்கிட்டதும் அந்தப் பலன் மங்கிவிட்டது என்பதும் உண்மை. அதனால் இதை ஊன்றுகோலாகக் கொள்ளலாமே தவிர முழு மருந்தாகக் கொள்ள முடியாது. பிடித்த கதையை, சொற்பொழிவை, பாட்டைக் காலை நடைக்கென்று மட்டும் ஒதுக்கி வைப்பது எவருக்கும் செலவில்லாமல் கைகூடும் ஏற்பாடு.

யாருக்கு எது என்று சொல்ல வேண்டுமானால், நான் இப்படிச் சொல்வேன். தூக்கம் கெட்டு, பதற்றத்தால் வார்த்தை தடித்துவிடும் நிலையில் இருப்பவர் யோக நித்திரையில் தொடங்கட்டும். ஓரிரு வாரம் கழித்துத் திட்டத்துக்கு வரலாம். தன்மீது ஓரளவு நம்பிக்கை உள்ளவர், செயலைச் சொல்லும் உறுதிமொழியைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். பழக்கத்தை மாற்ற விரும்பும் மற்ற எல்லோருக்கும் எழுதி வைத்த திட்டமும் சுற்றுப்புற மாற்றமுமே முதல் தேர்வு. மனச்சோர்வு, குடிப்பழக்கம், கைமீறிப்போகும் சினம் ஆகியவற்றோடு போராடுபவர் இந்த நான்கையும் ஒதுக்கிவிட்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சில வாரம் ஆடியோவைக் கேட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் வீணாகும் காலம் அவர்களுக்கு மிகவும் விலை உயர்ந்தது. ஆழ்மன ஆடியோவை நான் எவருக்கும் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். கையில் இலவசமாகக் கிடைத்ததைத் தூக்கத்துக்காகக் கேட்பதில் தீங்கில்லை. ஆனால் இரவு முழுதும் இயர்போன் மாட்டியிருப்பவர்கள் ஒலியளவைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்டால் வாரக் கணக்கு 56ஐத் தொட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு ஆழ்மன ஆடியோமீது நம்பிக்கை விலகவில்லை என்றால், அவரோடு வாதிட நான் விரும்பமாட்டேன். கிரீன்வால்டின் சோதனையை வீட்டிலேயே சிறிய அளவில் செய்து பார்க்கச் சொல்வேன். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் மழைச் சத்தம் மட்டும் உள்ள ஒரு கோப்பையும், அதே மழைச் சத்தத்துக்கு அடியில் உங்கள் குரலில் வாக்கியங்களைத் தாழ்த்திப் பதித்த இன்னொரு கோப்பையும், சுருக்காத வடிவில், ஒரே நீளத்தில் செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் 'அ', 'ஆ' என்று பெயர் மாற்றித் தரச் சொல்லுங்கள். முதலில் 'அ'வை இரண்டு வாரம், பிறகு 'ஆ'வை இரண்டு வாரம் கேளுங்கள். மாற்ற விரும்பும் நடத்தை எண்ணக்கூடியதாக இருக்கட்டும்: குரல் உயர்த்திய முறைகள், அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிய காலைகள், தள்ளிப்போட்ட வேலைகள். அன்றன்று இரவு படுக்கும் முன் கோடு போட்டுவிடுங்கள், மறுநாள் நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். நான்கு வாரக் கோடுகளையும் எண்ணி, எந்தக் கோப்பில் செய்தி இருந்தது என்ற உங்கள் ஊகத்தையும் அதே தாளில் எழுதிய பிறகுதான், எது எது என்று பெயர் மாற்றியவரைக் கேட்க வேண்டும்.